நிழல் விழாத கல்

தூக்கத்தைக் கெடுக்கும் தோள்வலி. எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளைப் பொட்டு. ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் கழுவி எடுத்துவிடலாம் என்கிறார்கள். எல்லாருக்கும் அது தேவையா?

“வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்புதான் தோள்ல போய் உட்கார்ந்துக்கிச்சா டாக்டர்?”

தோள்பட்டையில் கால்சியம் படிந்திருக்கிறது என்று கேட்டதும் நம் பக்கத்து ஆளுக்குத் தோன்றக்கூடிய முதல் சந்தேகம் இது. “அப்போ பாலை நிறுத்திடவா? கால்சியம் மாத்திரையை விட்டுடவா?” என்பது அடுத்தது. மூன்றுக்கும் பதில் ‘இல்லை’தான். வெற்றிலை பாக்கை விட நல்ல காரணங்கள் பல உண்டு, தோள்வலி அதில் சேராது. வாய் வழியாகப் போகும் கால்சியத்துக்கும் தோளில் படிகிற கால்சியத்துக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இந்த வலிக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தால் கால்சியம் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பின்னே எங்கிருந்து வந்தது அந்தக் கல்? அதைத் தேடிப் போவதற்கு முன், விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ நமக்குத் தெரிந்த வட்டத்தில் இருக்கக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து. பெயர் வேண்டாம், அக்கா என்றே அழைப்போம்.

அக்காவுக்கு முதலில் பரணில் இருந்து அண்டாவை இறக்கும்போது இடது தோளில் சுருக்கென்றது. பிறகு தலை பின்ன முடியவில்லை. ரவிக்கையில் கை நுழைக்க முடியவில்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க வலது கைதான். தைலம், உப்பு ஒத்தடம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை எல்லாம் ஆயிற்று. ‘வாயுப் பிடிப்பு’ என்றார்கள். சுளுக்கு எடுப்பவர் எண்ணெய் விட்டு இழுத்துவிட்டார். அன்று ராத்திரி வலி இரட்டிப்பானது. இரண்டு மணிக்கு எழுந்து, இடது கையை வலது கையால் ஏந்திக்கொண்டு விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் ஆயிற்றே, மாரடைப்போ என்று பயந்து ஈசிஜி எடுத்தார்கள். அந்தப் பயம் தப்பில்லை, எடுத்ததும் சரிதான். இதயத்தில் கோளாறு இல்லை. ‘ஃப்ரோசன் ஷோல்டராக இருக்கும்’ என்றார் ஒருவர். கடைசியில் எலும்பு மருத்துவர் ஓர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் ஒன்றுமில்லை. எலும்புக்குச் சற்று மேலே, துவரம்பருப்பு அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு.

தோளில் ஒரு ஜங்ஷன்

விழுப்புரம் ரயில் நிலையத்தில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைத் தண்டவாளங்கள் வந்து கூடுகின்றன. நம் தோளும் அப்படியொரு சந்திப்பு. தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பும் நான்கு தசைகள், கடைசியில் நாண்களாகக் குறுகி, மேற்கை எலும்பின் தலையை ஒரு தொப்பிபோலப் பொத்திப் பிடிக்கின்றன. இந்தத் தொப்பிக்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். நோயாளிகளிடம் பேசும்போது மருத்துவர்கள் பொதுவாக ‘ஜவ்வு’ என்றுதான் சொல்வார்கள். நான்கில் உச்சியில் இருக்கும் நாணின் பெயர் சுப்ராஸ்பைனேட்டஸ். அதற்கு மேலே எலும்பால் ஒரு கூரை. இடையில் உராய்வு தெரியாமலிருக்க ஒரு மெல்லிய பை, பர்சா. கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் இந்த நாண் அந்தக் கூரைக்கு அடியில் நுழைந்து வெளிவர வேண்டும். கால்சியம் பெரும்பாலும் படிவது இந்த நாணில்தான்.

அங்கே நடப்பதை விளங்கிக்கொள்ளத் திண்டிவனத்துக்காரர்கள் தூரம் போக வேண்டாம். மயிலம் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் திரும்பினால் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவையும் பார்த்திருப்பார்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் சிலிகா ஊறிக் கல்லாகக் கிடக்கின்றன. பட்டையின் வரியும் கணுவும் கண்ணுக்குத் தெரியும், தட்டினால் கல்.

தோள் நாணிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் தொடங்குகிறது. நாணின் ஒரு பகுதியில் உள்ள செல்கள் குருத்தெலும்புச் செல்களைப்போல மாறுகின்றன. அங்கே ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் உப்பு படிகிறது. எலும்பும் பல்லும் ஆனதும் இதே உப்பால்தான். ஆனால் திருவக்கரைக் கல்லுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்தக் கல்லைக் கரைக்க ஆள் இல்லை. இந்தக் கல்லை வைத்த உடம்பே ஒருநாள் திரும்பி வந்து அதைக் கரைக்கிறது.

கனடாவின் ஒட்டாவாவில் இருந்த எலும்பு மருத்துவர் ஹான்ஸ் உத்தாஃப் இந்த நோயின் படிநிலைகளை வகுத்துச் சொன்னார். முதலில் செல்கள் மாறுகின்றன. பிறகு உப்பு படிந்து சாக்குக்கட்டிபோல இறுகுகிறது. அப்படியே மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ கிடக்கிறது. ஒருநாள் அதைச் சுற்றிப் புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அழுக்கைத் தின்று அகற்றும் செல்கள் வந்து வேலையைத் தொடங்குகின்றன. சாக்குக்கட்டி இளகிப் பற்பசை பதத்துக்கு வருகிறது. கடைசியில் நாண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

வலி உச்சத்துக்குப் போவது எந்தக் கட்டத்தில் தெரியுமா? கல் கரையும் கட்டத்தில்! கட்டி பழுத்து உடையப்போகும் நேரத்தில்தானே விண்விண் என்று தெறிக்கும்? அதே கதைதான், இதில் சீழும் கிருமியும் இல்லை என்பதைத் தவிர. இளகிய கால்சியம் நாணுக்குள் வீங்கி அழுத்துகிறது, சில சமயம் மேலே உள்ள பர்சாவுக்குள் கசிகிறது. அக்கா விடிய விடிய உட்கார்ந்திருந்த அந்த ராத்திரி, அவர் உடம்பு சுண்ணாம்பை அகற்றிக்கொண்டிருந்த ராத்திரியாக இருக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1941இல் பாஸ்வொர்த் என்ற அமெரிக்க மருத்துவர் 12,122 தோள்களைப் பரிசோதித்தார். பெரும்பாலும் மேசை வேலை பார்க்கும் அலுவலக ஊழியர்களின் தோள்கள். 2.7 சதவீதத் தோள்களில் கால்சியம் இருந்தது, அவற்றில் பலவற்றில் வலியே இல்லை. ஆக, இது மூட்டை தூக்குகிறவர்களின் நோய் மட்டுமல்ல. முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் வெள்ளைப் பொட்டு தெரிவதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்டிவிட முடியாது. கழுத்து எலும்புத் தேய்மானமும் நாண் கிழிசலும் இதே இடத்தில் வலியைக் காட்டும்.

நிழலைப் பார்த்துச் சொல்வது

தோள்வலி என்றதும் ‘எம்ஆர்ஐ எடுத்துடலாமா?’ என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். இந்த நோயில் அது முதல் படம் அல்ல. எம்ஆர்ஐயில் ஆரோக்கியமான நாணும் கருப்பு, கால்சியமும் கருப்பு. சின்னக் கல்லாக இருந்தால் கண்ணில் படாமலே போகலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரிந்துவிடும். அடுத்து வருவது அல்ட்ராசவுண்டு ஸ்கேன்.

ஸ்கேன் சென்டரில் அக்கா உட்காரும் நாற்காலிக்கு மேலே, கருவின் பாலினத்தைச் சொல்வது சட்டப்படி குற்றம் என்ற போர்டு தொங்கும். தோள்வலிக்கு வந்தவருக்கும் அந்த போர்டுக்கும் சம்பந்தம் உண்டு. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1994இல் வந்த சட்டத்தின்படி, கருவைப் பார்க்கக்கூடிய எந்த ஸ்கேன் கருவியும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தோளைப் பார்க்க மட்டும் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கையடக்கக் கருவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற முடியாது. வெளிநாட்டு வீடியோக்களில் பிசியோதெரபிஸ்டுகள் சாதாரணமாக ஸ்கேன் செய்வதைப் பார்த்துவிட்டு ‘நம்ம ஊரில் ஏன் இல்லை?’ என்று கேட்பவர்களுக்கு, இது ஒரு முக்கியமான பதில்.

தோளில் ஜெல் தடவி புரோபை வைத்ததும் திரையில் சாம்பல் நிற வரிகள். அதுதான் நாண். நடுவே பிறைபோல ஒரு வெண்கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத்தான் கதிரியக்க மருத்துவர் முதலில் பார்ப்பார். கல் இறுகியிருந்தால் ஒலி அலைகள் அதைத் தாண்டிப் போகாது. கீழே கருப்பாக ஒரு நிழல் விழும், உச்சி வெயிலில் குடைக்கு அடியில் விழுவதுபோல. கல் இளகியிருந்தால் ஒலி ஊடுருவிப் போய்விடும். நிழல் மங்கலாக இருக்கும், அல்லது விழவே விழாது. ஓரங்களும் கலைந்த மேகம்போலத் தெரியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைப் போட்டால் கல்லைச் சுற்றிலும் அது மினுங்கலாம்.

நிழல் விழுகிற கல், இன்னும் உட்கார்ந்திருக்கிற கல். நிழல் விழாத கல், கிளம்பிக்கொண்டிருக்கிற கல். ‘ஸ்கேனில் பார்த்தபடி ஊசியால் கழுவுவது’ என்று இந்தச் சிகிச்சையைச் சொல்லும்போது ‘பார்த்தபடி’ என்ற சொல் ஏன் வருகிறது என்றால், பாதி சிகிச்சை அந்தப் பார்வைதான். யாருக்கு ஊசி, யாருக்குப் பொறுமை என்பது அங்கேதான் தெரியவரும்.

ஊசியும் கழுநீரும்

கழுவி எடுக்கலாம் என்று முடிவானால் செய்வது இதைத்தான். மருத்துவ உலகில் இதற்கு ‘பார்போட்டாஜ்’ என்று பெயர். பக்கத்துப் புதுச்சேரிக்குப் பழகிய பிரெஞ்சுச் சொல். தண்ணீரைக் கலக்கி அளைவது என்ற பொருளில் வந்தது. 1978இலேயே எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். தொண்ணூறுகளில் ஸ்கேனுக்கு மாறியது. ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை, ஊசி போகும் பாதை நொடிக்கு நொடி தெரியும்.

அக்காவை மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். உட்காரவைத்துச் செய்தால் சிலருக்கு மயக்கம் வந்துவிடும். தோலைச் சுத்தம் செய்து, மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெயினைத் தோலிலிருந்து பர்சாவரை போடுவார்கள். பிறகு 16 அல்லது 18 கேஜ் ஊசி. ரத்ததான முகாமில் பார்த்திருப்பீர்களே, ஏறத்தாழ அந்தப் பருமன். மரத்த பிறகு அழுத்தம் தெரியும், குத்துவது பெரிதாகத் தெரியாது. திரையில் ஊசி ஒரு வெள்ளிக் கம்பிபோல நாணுக்குள் இறங்கிக் கல்லின் நடுவில் போய் நிற்கும்.

ஊசியோடு இணைத்த சிரிஞ்சில் சலைன் இருக்கும். அழுத்தினால் சலைன் உள்ளே போகும், விரலைத் தளர்த்தினால் உள்ளிருக்கும் அழுத்தமே அதைத் திருப்பி அனுப்பும். அழுத்து, விடு, அழுத்து, விடு. முதல் சில தடவை தெளிந்த தண்ணீரே திரும்பி வரலாம். திடீரென்று ஒருமுறை அரிசி களைந்த கழுநீர்போல வெள்ளையாக ஒரு புகை சிரிஞ்சுக்குள் சுழன்று இறங்கும். அதுதான் அக்காவைத் தூங்கவிடாத சரக்கு. சிரிஞ்சை நிமிர்த்தி வைத்தால் அடியில் மாவாகப் படியும். சிலர் இரண்டு ஊசிகளைச் செருகி ஒன்றில் விட்டு மற்றதில் வடிப்பார்கள். சலைனை வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் வேலை சீக்கிரம் முடிகிறது என்று 2012இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. கல் இறுகியிருந்தால் கழுநீர் அதிகம் வராது. அப்போது ஊசி முனையால் அங்கங்கே குத்திவிடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள், மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்று.

கடைசியாக பர்சாவுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி. பிறகு கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம், படுக்கையில் சேர்க்கத் தேவையில்லை. மருந்தின் மரப்பு விட்டதும் ஓரிரு நாள் வலி கூடலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து பர்சா அழற்சியால் மறுபடியும் ஒரு வலி எட்டிப்பார்க்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளி பயப்பட மாட்டார்.

பத்து வருடம் கழித்து என்ன ஆனது?

இங்கேதான் கதை திரும்புகிறது. தோள் மருத்துவத்தின் முன்னோடி என்று கொண்டாடப்படும் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், 1934இல் தோளைப் பற்றி மட்டுமே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். கால்சியம் இருப்பது பர்சாவில் அல்ல, அடியில் உள்ள நாணில்தான் என்று எடுத்துக்காட்டியவர் அவர். அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. சிகிச்சை முடிந்ததும் கைகழுவிவிடக்கூடாது, ஒவ்வொரு நோயாளியும் பின்னாளில் எப்படி இருக்கிறார் என்று தேடிப்பார்த்து, அந்தக் கணக்கை மருத்துவமனைகள் வெளியிட வேண்டும் என்றார். சக மருத்துவர்களின் கோபத்துக்கு ஆளானார்.

அவர் கேட்ட கேள்வியை இந்தச் சிகிச்சையிடமே கேட்டுப்பார்த்திருக்கிறார்கள். 2009இல் வெளியான இத்தாலிய ஆய்வில் ஊசியால் கழுவிக்கொண்ட 219 பேரை, வேண்டாம் என்று மறுத்த 68 பேரோடு ஒப்பிட்டார்கள். ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் ஓராண்டிலும் கழுவிக்கொண்டவர்களே நன்றாக இருந்தார்கள். ஐந்தாண்டிலும் பத்தாண்டிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. நெதர்லாந்தில் 48 பேரிடம் நடந்த ஆய்வும் இதே தாளத்தில்தான் போனது. 2013இல் வந்த ஓராண்டு முடிவில், வெறும் ஸ்டீராய்டு ஊசியைவிடக் கழுவியது மேல். ஐந்தாண்டு முடிவில் இரண்டும் சமம்.

2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான நார்வே, சுவீடன் ஆய்வு இன்னும் கறாரானது. 220 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நிஜமாகவே கழுவி ஸ்டீராய்டு. இரண்டாவதுக்குக் கழுவுவதுபோல் பாவனை, ஆனால் ஸ்டீராய்டு உண்டு. மூன்றாவதுக்கு வெறும் பாவனை. யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு முதல் சில வாரங்கள் வலி குறைந்தது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஊசி வீணா? இந்த ஊசியில் கைப்பழக்கம் உள்ள மருத்துவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. பற்பசையாக இளகி, வலி தாங்காமல் துடிக்கும் கட்டத்தில் உள்ளவருக்கு அந்த அழுத்தத்தை இறக்கிவிடுவது பெரிய நிம்மதி என்பது அவர்கள் வாதம். நாட்கணக்கில் தூங்காதவரிடம் ‘ஐந்து வருடத்தில் எல்லாம் சமம்’ என்று சொன்னால் அடிக்க வருவார். ஆனால் இந்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. கல்லைக் கரைப்பது உடம்பு. ஊசி செய்வது, வலிக்கும் காலத்தைச் சுருக்கப் பார்ப்பது. ‘இப்பவே எடுக்கலைன்னா கை போயிடும்’ என்று யாராவது அவசரப்படுத்தினால், நிதானமாக வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம்.

நம் ஊரில் என்ன வழி?

முதல் படி மலிவானது. வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் சில நாள், ஐஸ் ஒத்தடம், கனமான வேலைக்கு ஓய்வு, பிறகு பிசியோதெரபி. தோளை அசைக்காமலே வைத்திருந்தால் நிஜமாகவே அது உறைந்துபோகும். தினம் பஸ் ஏறி வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

வலி மாதக்கணக்கில் விடவில்லை என்றால் எலும்பு மருத்துவர், கதிரியக்க மருத்துவர் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் நல்லது. முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர். ‘ஸ்கேன் பார்த்துத் தோளில் ஊசி போடுவீர்களா?’ என்று நேரடியாகக் கேட்டுவிட்டுப் போவது அலைச்சலைக் குறைக்கும். அடுத்த படிகளும் உண்டு. சிறுநீரகக் கல்லை உடைக்கும் கருவியின் வழிவந்த ஷாக்வேவ் சிகிச்சை, எதற்கும் மசியாவிட்டால் நுண்துளை அறுவை சிகிச்சை.

ஓர் எச்சரிக்கை. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழகத்தில் 14.4 சதவீதம் பேருக்கும், எல்லைக்கு அந்தப்பக்கம் புதுச்சேரியில் 26.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய். தோளில் போடும் ஸ்டீராய்டு சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். ‘ஊசி போட்டா சுகமா இருக்கு’ என்று அடிக்கடி போட்டுக்கொள்வது நாணுக்கும் நல்லதல்ல. எத்தனை தடவை, எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போவதை எக்ஸ்ரே எடுக்கும்வரையாவது தள்ளிப்போடுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

● என் வலிக்கு இந்தக் கல்தான் காரணமா, நாணில் கிழிசலும் இருக்கிறதா?
● கல் இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா?
● கழுவாமல் காத்திருந்தால் என்ன ஆகும்?
● எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். என்ன முன்னேற்பாடு?
● மறுபடி எப்போது படம் எடுக்க வேண்டும்?

நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறலோடு தோள்வலி வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு தோள் வீங்கிச் சிவந்தாலும், கை மரத்துப்போனாலும் தாமதிக்கக் கூடாது.

கடைசியாக, அந்தப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைத் தூக்கிப்போடாதீர்கள். பீரோவுக்குப் பின்னால் கவரோடு கிடக்கட்டும். கழுவிக்கொண்டாரோ காத்திருந்தாரோ, ஓராண்டு கழித்து அக்கா இன்னொரு ஃபிலிமோடு வீடு திரும்புவார். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் பிடித்துப் பார்ப்பார். பழையதில் துவரம்பருப்பு. புதியதில் அந்த இடத்தைத் தேட வேண்டியிருக்கும். தேடி முடித்த பிறகுதான், ஜன்னல் உயரத்துக்கு ஃபிலிமைத் தூக்கிப் பிடித்திருப்பது தன் இடது கை என்பதைக் கவனிப்பார்.